இருபது கண்ணி அகலம்

திருமணத்தின் முப்பதாம் ஆண்டுச் சரிபார்ப்புக்கு என் மனைவி ரெத்தினபாயை அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். அவளை உள்ளே வைத்துக்கொண்டு என்னை வெளியே அனுப்பினார்கள். சரிபார்ப்பில் இப்படி நடப்பதுண்டு.

கேள்விகள் எனக்குத்தான். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. திருமண நாள், அவளுடைய ரத்த வகை இரண்டையும் சரியாகச் சொன்னேன். மூன்றாவது கேள்வி, எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் என்ன இருக்கிறது என்பது.

ஒன்றும் இல்லை என்றேன்.

எழுத்தர் கோப்பைப் புரட்டி வாசித்தார். வெள்ளை நூலில் குரோஷா ஊசியால் பின்னிய விரிப்பு ஒன்று. நூற்றுப் பன்னிரண்டு பூக்கள். இதுவரை நான்கு முறை புதிதாகப் பின்னி மாற்றப்பட்டது. அதற்கடுத்து ஃபிரிட்ஜ் கைப்பிடியின் உறை, தண்ணீர்ப் பானை மூடி, என் மூக்குக் கண்ணாடிக்கான பை. இப்படி அவள் கையால் பின்னியவை பதினோரு பக்கம். மூக்குக் கண்ணாடிப் பை அப்போது என் சட்டைப் பையில்தான் இருந்தது. அதைக் கடையில் கொடுத்தது என்று நினைத்திருந்தேன்.

ரெத்தினபாய் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. ஒரு பெண் ஊழியர் வந்து கதவில்லாத ஓர் அறைக்கு அவளைக் கூட்டிப் போனார்.

அவளைத் திரும்பப் பெறும் வழியை எழுத்தர் விளக்கினார். கணவர் தன் கையால் ஒரு சதுரம் பின்ன வேண்டும். இருபது கண்ணி அகலம், இருபது வரி உயரம். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் கொடுத்துவிட வேண்டும். அதைச் சுவரில் ஒட்டுவார்கள். அது ஆள் உயரத்துக்கு விரியும். எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்தில் சுவர் திறக்கும். மனைவி அதன் வழியாக வெளியே வரலாம். நூல் வீட்டிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும்.

வீட்டில் வேறு நூல் இல்லை. தொலைக்காட்சிப் பெட்டியின் மேலிருந்த விரிப்பை எடுத்து முடிச்சை வெட்டி இழுத்தேன். பூக்கள் வரிசையாகப் போயின. கீழே செய்திகள் ஓடிக்கொண்டிருந்தன. விளையாட்டுச் செய்தி வருவதற்குள் எல்லாம் நூலாகிவிட்டது.

பயிற்சி அலுவலக வராந்தாவில் நடந்தது. கணவர்கள் ஒரே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். கற்றுக்கொடுத்தவர் மேபல் டீச்சர். யாராவது தப்பாகப் போட்டால் வராந்தா ஓரடி நீளும். முதல் நாள் பதினோரு மணிக்கெல்லாம் பெஞ்சின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு டீச்சர் சைக்கிளில் வர வேண்டியதாயிற்று.

முதலில் சுருக்கு முடிச்சு. நூலை வளையமாக்கி, அதற்குள்ளிருந்து இன்னொரு வளையத்தை இழுத்து ஊசியில் மாட்டுவது. அடுத்தது சங்கிலி. ஊசி நுனியில் இருக்கும் சின்னக் கொக்கியில் நூலைச் சுற்றி, ஏற்கெனவே இருக்கும் வளையத்தின் வழியாக வெளியே இழுத்தால் ஒரு கண்ணி. நான் போட்ட கண்ணிகளுக்குள் ஊசி நுழையவில்லை. டீச்சர் என் சங்கிலியை வாங்கிப் பெஞ்சில் தட்டினார். கம்பியைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது.

"இப்படி நெரிக்காதீங்க சார். அது எங்கயும் ஓடிறாது."

தளர்வாகப் போடக் கற்றுக்கொள்ள அரை நாள் ஆனது.

பிறகு ஒற்றைப் பின்னல். கண்ணிக்குள் ஊசியை விட்டு நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு வளையம் நிற்கும். மறுபடி நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். வரி முடிந்ததும் ஒரு சங்கிலி போட்டுத் துணியைத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணிகளை எண்ண வேண்டும். எண்ணுவதைப் பற்றி டீச்சர் மூன்று முறை சொன்னார்.

நான் எண்ணவில்லை. முப்பத்து நான்கு ஆண்டு நில அளவைத் துறையில் வேலை பார்த்தவன் நான். எல்லைக்கல் நான்கு விரல் தள்ளி நட்டிருந்தால் பேருந்தில் போகும்போதே சொல்லிவிடுவேன்.

என் பக்கத்தில் தங்கதுரை என்று ஒருவர். சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். மூன்றாவது கேள்வியில் அவரும் தவறியிருந்தார். ஏலம் விடுகிறவர்போல் ஒவ்வொரு கண்ணியையும் சத்தமாக எண்ணினார். வியாழக்கிழமை காலையில் அவருடைய வலது ஆள்காட்டி விரலின் நுனி கொக்கியாகியிருந்தது. எழுத்தர் வந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். விதியில் தடை இல்லை என்றார்.

"எண்ணிப் பாருங்க அண்ணாச்சி," என்றார் தங்கதுரை.

"எனக்குப் பாத்தாலே தெரியும்."

"எனக்குப் பாத்தா ஒண்ணும் தெரியாது. அதான் எண்ணுதேன்."

மதியச் சாப்பாட்டு வேளையில் வராந்தா அமைதியாக இருக்கும். அப்போது சுவருக்குப் பின்னாலிருந்து பெண்களின் பேச்சு கேட்டது. அழுகிறார்களா என்று கவனித்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ரெத்தினபாயின் சிரிப்பு எது என்று பிரித்தறியப் பார்த்தேன். அவள் சிரிப்பு எப்படி இருக்கும் என்று நினைவுக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை என் வேகம் கூடியது. முதல் வரிக்கு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பத்தாவது வரிக்கு இருபது நிமிடம். பதினெட்டாவது வரிக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இருபதாவது வரி ஒரே கண்ணியில் முடிந்தது.

தூக்கிப் பார்த்தேன். முக்கோணமாக இருந்தது.

டீச்சர் வந்து சேர்வதற்குள் மூன்று ஐம்பது ஆகிவிட்டது. சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு வரியிலும் கடைசிக் கண்ணியை விட்டிருக்கிறேன் என்றார். அது ஓரத்தில் சாய்ந்து ஒதுங்கி நிற்குமாம். புதிதாகப் பழகுகிறவர்கள் அதைக் கண்ணி என்றே நினைப்பதில்லையாம், துணியின் கரை என்று விட்டுவிடுவார்களாம்.

திரும்பப் போடலாமா என்று கேட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பிரிக்கதுக்கு நேரம் இருக்கு சார். போடுறதுக்கு இல்ல."

முதலில் தங்கதுரையின் சதுரத்தை ஒட்டினார்கள். முண்டும் முடிச்சுமாக இருந்தது. ஆனால் சதுரம். சுவர் திறந்தது. அவர் மனைவி வெளியே வரும்போது முந்தானை ஒரு முடிச்சில் மாட்டிக்கொண்டது.

"இதென்ன கதவா, கருவேலங்காடா?" என்றார் அந்த அம்மா.

தங்கதுரை கொக்கி விரலால் முந்தானையை விடுவித்தார். சண்டை போட்டுக்கொண்டே இருவரும் போனார்கள். வராந்தா நீளமாக இருந்ததால் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அதைக் கடைசிவரை கேட்டேன்.

என் முக்கோணத்தை எழுத்தர் மூன்று முறை திருப்பிப் பார்த்துவிட்டு, அகலமான பக்கம் தரையில் படும்படி ஒட்டினார். சுவர் கூடாரம்போல் திறந்தது. அந்தப் பக்கம் ரெத்தினபாய் நின்றிருந்தாள். அவள் தோள்கள் அந்த இடைவெளிக்குள் அடங்கவில்லை.

"கொஞ்சம் குனிஞ்சா வந்துரலாம்," என்றேன்.

அவள் குனிந்தாள். நான் வழிவிட்டு நின்றேன். அவள் வெளியே வரவில்லை. அடியிலிருந்த வரியின் ஓரத்தில் விரலை வைத்தாள். இருபது, பத்தொன்பது, பதினெட்டு என்று சரிவைத் தொட்டு எண்ணிக்கொண்டே நிமிர்ந்தாள். உச்சியில் நூல் முனை தொங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு எழுத்தரைப் பார்த்தாள்.

"இந்த நூலு யாருக்கு உள்ளது?"

எழுத்தர் கோப்பைப் பார்த்தார். "உங்களுக்கு உள்ளதும்மா."

"அப்பம் நான் எடுத்துக்கிடலாமா?"

"எடுத்துக்கிடலாம்."

எதற்கு என்று கேட்டேன்.

"இங்க ஜன்னல் இல்ல. அந்தப் பக்கம் ஆறு ஓடுற சத்தம் கேக்கு. ஒரு ஜன்னல் போட்டுக்கிடுதேன்."

"அதுக்கு எத்தன நாளாவும்?"

"நீங்க நேரத்துக்குச் சாப்பிட்டுக்கிடுங்க," என்றாள்.

நூலை இழுத்தாள். இருபதாவது வரி போனது. பத்தொன்பதாவது போனது. மேலிருந்து சுவர் இறங்கி வந்தது. அவள் அவசரப்படவில்லை. இழுத்த நூலை உள்ளங்கையில் உருண்டையாகச் சுற்றிக்கொண்டே இருந்தாள். முகம் மறைந்தது. பிறகு கைகள் மறைந்தன. நான் மண்டியிட்டேன். பிறகு குப்புறப் படுத்தேன். விரல் உயரத்துக்கு ஒரு சந்து மிச்சமிருந்தது. அதன் வழியாக அவள் பாதங்கள் தெரிந்தன. செருப்பைக் கழற்றியிருந்தாள். அடிச் சங்கிலியும் உருவிக்கொண்டு உள்ளே போனது.

நான் உள்ளே போக எத்தனை கண்ணி போட வேண்டும் என்று படுத்தபடியே எழுத்தரிடம் கேட்டேன்.

"உள்ள போறதுன்னா அவங்கதான் பின்னணும் அண்ணாச்சி. விண்ணப்பமும் அவங்கதான் குடுக்கணும்."

"குடுப்பாளா?"

"குடுத்தா வாங்கி வைக்கேன்," என்று கோப்பைக் கட்டினார். வராந்தாவைப் பூட்ட வேண்டும், எழுந்திருங்கள் என்றார்.

எழுந்தேன். சட்டையின் முன்பக்கம் முழுக்கத் தரையின் தூசி. அதற்குள் சுவருக்கு அப்பால் கொண்டி நீக்கும் சத்தமும் ஜன்னல் திறக்கும் சத்தமும் கேட்டன. பெண்கள் ஏதோ சொன்னார்கள். இந்தப் பக்கம் காற்று வரவில்லை.