வால் தாங்கி

விமானத்தை வடிவமைத்தவர்களுக்கு மேல்மாடியில் குளிர்சாதன அறை இருந்தது. விமானம் தரையில் நிற்கும்போது அதற்குத் தேவைப்படும் ஏணி, மேடை, ஜாக்கி, தாங்கி எல்லாம் கீழ்த்தளத்தில் உருவாயின. அங்கேதான் மில்லி வேலை பார்த்தாள். அரை மில்லிமீட்டருக்கும் பட்டறைக்காரர்களோடு சண்டை போடுவாள் என்பதால் வந்த பெயர் அது. முதலில் அவள் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு அவளே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தாள்.

அவளுடைய அக்காவின் கணவர் அதே வளாகத்தில், எதிரே இருந்த, விமானங்களை நிறுத்தும் ஹேங்கரில் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அத்தான் என்று கூப்பிட்டாலும் அப்பா இல்லாத வீட்டில் அவளுக்கு அப்பா மாதிரிதான். கல்லூரியில் அவளைச் சேர்க்க வரிசையில் நின்றவர் அவர்.

புது விமானத்தைச் சக்கரம் மடக்கிப் பார்க்கும் சோதனைக்காக ஒரு வால் தாங்கி வேண்டும் என்று கேட்டார்கள். விமானத்தை ஜாக்கிகளின் மேல் தூக்கி நிறுத்திச் சக்கரங்களை மடக்கி விரிக்கும்போது எடை முன்னும் பின்னும் நகரும். வால் தொங்கிவிடாமல் அடியிலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும். மில்லி நான்கு மாதம் அதோடு மல்லுக்கட்டினாள். லீவரை அடிக்க அடிக்க எண்ணெய் அழுத்தத்தில் ஏறும் தண்டு. எண்ணெய் கசிந்தாலும் தண்டு இறங்காதபடி அதைச் சுற்றி ஒரு பூட்டு வளையம். தண்டு ஏற ஏற ஒரு பற்சக்கரம் அந்த வளையத்தைத் தானாகவே கீழே இறுக்கிக்கொண்டு வரும். வளையம் பின்தங்கினால் அதே பற்சக்கரம் லீவரை அடுத்த அடிக்கு நகர விடாது. வேலை செய்பவன் மறந்தாலும் தாங்கி மறக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிடும்போது டம்ளரைக் கவிழ்த்து, அதன்மேல் வளையலை மாட்டி, இதையெல்லாம் அத்தானுக்கு விளக்கினாள். அவர் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் கேட்டார்.

“அப்போ லீவர் ஏறுதுன்னா லாக் விழுந்திருக்குன்னு அர்த்தம். கண்ண மூடிக்கிட்டு அடிக்கலாம்னு சொல்ற.”

“கண்ண மூடிக்கிட்டு அடிக்கலாம் அத்தான்.”

ரெண்டு பேருக்கும் கை காய்ஞ்சு போச்சு, எழுந்து கழுவிட்டு வந்து விமானம் ஓட்டுங்க என்றாள் அக்கா.

பற்சக்கரங்கள் வரத் தாமதமாகும் என்று கடிதம் வந்தது. ஆறு வாரம். சோதனையைப் பார்க்கப் பெரிய மனிதர்கள் வரும் தேதியோ மூன்று வாரத்தில் இருந்தது. பிரிவுத் தலைவர் மில்லியைக் கூப்பிட்டு, பற்சக்கரத்தை எடுத்துவிட்டு வரைபடத்தைத் திருத்தச் சொன்னார். வளையத்தைக் கையால் சுற்றிக்கொள்ளட்டும்; வளையம் தெரியும்படி மூடியில் ஒரு ஜன்னல் வைத்துவிடு; செய்முறைத் தாளில் ஒரு வரி சேர்த்துவிடு; முடிந்தது. பற்சக்கரம் வந்ததும் மாட்டிக்கொள்ளலாம்.

அவள் இரண்டு நாள் வாதாடினாள். எழுதியும் கொடுத்தாள். இவ்வளவு பயமென்றால் விமானத்தைத் தூக்காமலே இருந்துவிடலாமே என்று அவர் சிரித்தார். எழுதிக் கொடுத்ததற்குப் பதில் வரவில்லை. மூன்றாம் நாள் திருத்திய வரைபடத்தில் கையெழுத்துப் போட்டாள். ஒரே ஒரு சோதனைதானே என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு முறை அக்கா வீட்டுக்குப் போனாள். தாங்கியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவ்வளவு பெருமை அடித்துவிட்டு, கடைசியில் எடுத்துவிட்டார்கள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அத்தானுக்கு அந்தச் சோதனையில் வேலை இல்லை என்பதும் ஒரு சாக்காக அமைந்தது.

சோதனையன்று, வாலடியில் நிற்க வேண்டியவர் விடுப்பு எடுத்துவிட்டார். மேற்பார்வையாளர் காலை பத்து மணிக்கு அத்தானை அழைத்துக்கொண்டு போனார். இந்தத் தாங்கி தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார் அத்தான். செய்முறைத் தாள் முப்பது பக்கம். அதில் பதினான்காம் பக்கத்தில் புது வரி. கோப்பு மேசைமேல் இருந்தது. அதைப் புரட்ட யாருக்கும் நேரமில்லை.

லீவர் தடையில்லாமல் ஏறியது. வாலும் ஏறியது. சக்கரங்கள் எட்டு முறை மடங்கி விரிந்தன. ஒன்பதாவது முறைக்கு முன்னால், தாங்கியின் தலைக்கும் வாலுக்கும் நடுவே பிசகியிருந்த, எடையை அளக்கும் உணரிக் கம்பியைச் சரிசெய்ய அத்தான் வலது கையை விட்டார். அப்போது எண்ணெய் கசியாமல் பிடித்திருந்த சீல் பிய்த்துக்கொண்டது. தண்டு ஒரு சாண் இறங்க, விமானம் பின்பக்கமாகச் சாய்ந்து, வால் அவர் கையோடு சேர்த்துத் தாங்கியின் தலைமேல் வந்து உட்கார்ந்தது. விமானத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. அத்தானுக்கு மணிக்கட்டுக்குக் கீழே எதுவும் மிஞ்சவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அக்கா மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது அத்தான் மில்லியை அருகே கூப்பிட்டார்.

“லீவர் ஏறிச்சும்மா. ஏறினதால லாக் இருக்குன்னு நினைச்சேன்.”

பற்சக்கரத்தை எடுத்துவிட்டதை மேற்பார்வையாளர் பிறகுதான் சொன்னார் என்றார் அத்தான். “உனக்கு எப்போ தெரியும்?”

“மூணு வாரமா.”

அவர் முகத்தைக் கூரைப்பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, அன்னிக்கு நீ சொன்னத நம்பித்தான் அடிச்சேன்னு நான் யாருகிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன், உங்க அக்காவுக்குத் தெரிய வேண்டாம் என்றார். விசாரணையிலும் அப்படியே, என் கவனக்குறைவுதான் என்று எழுதவைத்து, இடது கை ரேகை வைத்துக் கொடுத்துவிட்டார்.

மில்லியால் அதைச் செரித்துக்கொள்ள முடியவில்லை. விசாரணைக் குழு முன்னால் போய் எல்லாவற்றையும் கொட்டினாள்: முதல் வரைபடம், எழுதிக் கொடுத்த ஆட்சேபணை, சாப்பாட்டு மேசை, மூன்று வார மௌனம். குழுவின் தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“உங்க வீட்ல பேசினதெல்லாம் இதுல எழுத முடியாதும்மா. கையெழுத்து இருக்கிற டிராயிங் இதுதானே?”

“இதுதான்.”

“கையெழுத்து உங்களுது?”

“என்னுது.”

முதல் வரைபடம் ஒப்புதல் பெற்று வெளியிடப்படாத ஒன்று, அதனால் ஆவணமே ஆகாது என்றார் பிரிவுத் தலைவர். ஆட்சேபணைக் கடிதம் கோப்பில் கிடைக்கவில்லை. அறிக்கை இரண்டு பக்கத்தில் வந்தது. விபத்துக்குக் காரணம் செய்முறையைப் பின்பற்றாத ஊழியர்; வடிவமைப்பில் குறை இல்லை. அவளை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த தாங்கியையும் அவளிடமே ஒப்படைத்தார்கள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போனாள். அக்காவை உட்காரவைத்து, குழுவிடம் சொன்னதை மறுபடி முதலிலிருந்து சொன்னாள். சொல்லி முடித்ததும் அக்கா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். பாத்திரம் எதுவும் நகரும் சத்தம்கூட வரவில்லை.

அத்தான் உள்ளறையிலிருந்து வந்து நின்றார். சட்டை பாதி மாட்டியிருந்தது.

“எதுக்கு சொன்ன?”

“மனசு கேக்கல அத்தான்.”

“நான் பொய் சொல்லி இந்தக் குடும்பத்தைக் காப்பாத்தினேன். நீ உண்மையைச் சொல்லி உன் மனசக் காப்பாத்திக்கிட்ட.” கோபமாகச் சொல்லவில்லை; அலுப்பாகச் சொன்னார். “அறிக்கைல ஒரு எழுத்து மாறிச்சா?”

மாறவில்லை என்று தலையாட்டினாள்.

“அவ நிம்மதிதான் போச்சு.”

அக்கா வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். தங்கையைப் பார்க்காமல், செருப்பு கிடந்த இடத்தைப் பார்த்துப் பேசினாள்.

“தூக்கத்துல கை அரிக்குதுன்னு எழுந்துக்குறாரு. இல்லாத கையை நான் சொறிஞ்சு விடுறேன். கொஞ்ச நாளைக்கு நீ வராதே. எனக்கு உன்னைப் பாத்து அழவும் வரல, திட்டவும் வரல.”

மில்லி செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். பாதிப் படியில் நின்றபோது, பட்டனைப் போட்டுவிடச் சொல்லி அத்தான் கேட்பது காதில் விழுந்தது. இதோ வந்துட்டேன் என்றாள் அக்கா. கதவு சாத்தும் சத்தம் கேட்டது.