மேலத்தெருவின் மழை

கழிப்பறைப் பீங்கானுக்குள் கறுப்புத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மணல் மூட்டையோடு குனிந்த அக்னஸ் அப்படியே நின்றுவிட்டாள். அந்தக் கறுப்பின் மேல் ஒரு பவழமல்லிப் பூ மிதந்தது. ஆரஞ்சுக் காம்பும் வெள்ளை இதழும் கசங்காமல், யாரோ இப்போதுதான் விரலால் எடுத்து வைத்ததைப்போல. பின்னாலேயே இன்னொன்று வந்தது.

விழுப்புரத்தில் அவர்கள் பக்கத்துக்குப் பாதாளச் சாக்கடை வந்து இது இரண்டாவது ஐப்பசி. போன மழைக்கும் இப்படித்தான். வானம் உடைத்துக்கொண்டால் கீழத்தெருவின் கடைசி வீடான அவள் வீட்டில்தான் ஊர்க்கழிவெல்லாம் மேலேறி வரும். மூட்டையைத் திணித்து, அதன் தலையில் அம்மிக்கல்லை ஏற்றிவைத்து, வடிந்த பிறகு பினாயிலை ஊற்றிக் கழுவிக் கழுவி அவள் கைத்தோல் உரிந்திருந்தது. அடைப்பெடுக்கும் லாரியோடு வரும் அந்தோணி பிரபு நேற்றுக் கையை விரித்துவிட்டான்.

"லைன் கிளீனா கீதுக்கா. மழ பேஞ்சா மட்டும் ரொம்புதுன்னா, மழத்தண்ணிய எவனோ உள்ள வுடறான். இது கக்கூஸ் தண்ணிக்குப் போட்ட பைப்பு. தெருத்தண்ணிய எப்டித் தாங்கும்?"

"யாருடா வுடறது?"

"பைப்புக்குள்ள பூந்து பாத்தாதான் தெரியும். நீ போறியா, நான் போவட்டா?"

வேறு நாளாயிருந்தால் அவளும் சிரித்திருப்பாள். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் மகள் மெர்லினுக்கு ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்திருந்தது. இன்று சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தலைப்பிரசவம், தாய்வீட்டுக்குத்தான் வரவேண்டும். வளவனூர் சம்பந்தியம்மாள் வார்டிலேயே மூக்கைச் சுளித்துவிட்டாள். "அந்தத் தண்ணி வர்ற வூட்டுல எம் பேத்திய வெச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க? நேரா எங்க வூட்டுக்கே இட்டுக்கினு போயிடறோம்." மெர்லின் போர்வைக்கடியில் அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூட வாசலில் பிடித்துக்கொண்டு விடமாட்டாளே, அந்தப் பிடி.

அந்த வட்டாரத்தில் பவழமல்லி மரம் ஒன்றே ஒன்றுதான். மேலத்தெருவில், சர்க்கரை ஆலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற துரைக்கண்ணுவின் வாசலில். அக்னஸ் பூவை ஒரு பால் கவரில் போட்டுக்கொண்டு தூறலில் நடந்தாள். என்ன திட்டலாம் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

துரைக்கண்ணு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையோடு தெரு நடுவில் நின்றிருந்தார். பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடி நெம்பித் தள்ளிக் கிடந்தது. தெருத்தண்ணீர் முழுக்க அந்த வட்டத் துவாரத்துக்குள் சுழன்று இறங்கியது. பூக்கள் அவசரமில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றிவந்து, பிறகு சட்டென்று காணாமல் போயின. இவ்வளவு அழகாக இருக்கும் என்று அக்னஸ் நினைக்கவில்லை.

"வாம்மா. பாத்தியா, இன்னா ஜல்தியா எறங்குதுன்னு? முட்டிக்கால் தண்ணி இருந்துச்சி."

"இது எங்கண்ணா போவுது?"

"எங்க போவும்? ஏரிக்குத்தான்."

"எங்க வூட்டுக் கக்கூஸுக்குப் போவுது."

அவர் சிரித்தார். அவள் கவரைப் பிரித்துக் காட்டினாள். "காலைல பேசின்ல வந்துச்சி. ஒங்க மரத்துப் பூதான?"

சிரிப்பு உடனே போகவில்லை, எங்கே போவது என்று தெரியாமல் முகத்தில் சற்றுநேரம் நின்றது. பூவைப் பார்த்தார். துவாரத்தைப் பார்த்தார். கடப்பாரையை மெல்லக் கீழே வைத்தார்.

உள்ளேயிருந்து ஒரு குரல். "தண்ணி வடிஞ்சிடுச்சா?"

"வடிஞ்சிடுச்சி, வடிஞ்சிடுச்சி" என்றவர், அக்னஸிடம் குரலைத் தாழ்த்தி, "உள்ள வந்து பாரும்மா" என்றார்.

ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு வீடு பள்ளத்தில் இறங்கியிருந்தது. தரையில் மெத்தைமேல் அவர் மனைவி தையல்நாயகி மல்லாந்து படுத்திருந்தாள். இடுப்பெலும்பு முறிந்தவள். கட்டிலிலிருந்து ஒருமுறை விழுந்ததால் தரையில்தான் படுக்கை.

"போன வருசம் மருந்து வாங்கப் போயிருந்தேன்" என்றார் துரைக்கண்ணு. "வந்து பாத்தா மெத்தைக்கு மேல தண்ணி. மொகவாயத் தூக்கிக்கினு கெடந்தா. கத்தியிருக்கா, மழ சத்தத்துல யாருக்கும் கேக்கல. அன்னிலேந்து மேகம் கறுத்தா கடப்பாரய எடுத்துடுவேன்."

அக்னஸ் கவரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கீழத்தெரு அக்னஸா?" தையல்நாயகி கழுத்தை மட்டும் திருப்பினாள். "பொண்ணு பெத்துட்டாளா?"

"பெத்துட்டாக்கா. பொட்டப் புள்ள. சாயந்திரம் இட்டாரணும். எங்க இட்டார்றதுன்னுதான் தெரியல."

கிழக்கே இடி உருண்டது. மூடியைத் திறந்தால் அவள் வீடு முழுகும், மூடினால் இந்த வீடு. மகளின் சுண்டுவிரல் பிடி கையில் இன்னும் இருப்பதுபோல் இருந்தது. இத்தனை வருஷத்தில் மேலத்தெருக்காரர்கள் யாரும் கீழத்தெரு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததில்லை. சாவு வீடென்றாலும் வாசலோடு சரி. கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று யோசித்து முடிப்பதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"அக்காவ எங்க வூட்டுக்குத் தூக்கிக்கினு போயிடலாம்ணா. நீங்க மூடிய மூடிடுங்க. மூடினா எங்க வூடு காஞ்சிதான் கெடக்கும்."

துரைக்கண்ணு மனைவியைப் பார்த்தார்.

"இன்னா பாக்கற? பச்சக் கொழந்தயப் பாத்து எம்மா நாளாவுது" என்றாள் தையல்நாயகி. "ஒன் மூஞ்சியயே பாத்துக்கினு கெடக்கறதுக்கு அது எவ்ளோ மேலு. தூக்கு."

சாயங்காலம் மழை சடைசடையாக இறங்கியது. மெர்லினை ஏற்றிவந்த ஆட்டோவிலிருந்து முதலில் இறங்கியது சம்பந்தியம்மாள்தான். யாரிடமும் பேசாமல் நேராகக் கழிப்பறைக்குப் போய் எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து, "காஞ்சிதான் கீது" என்றாள், என்னவோ ஏமாந்துபோனவளாக. பிறகு, விழாமலிருக்க ஓரத்தில் தலையணை அண்டக்கொடுத்துக் கட்டிலில் கிடத்தியிருந்த தையல்நாயகியைப் பார்த்து, "இது யாரு?" என்றாள்.

"மேலத்தெரு. கொழந்தயக் குடு இப்டி" என்றாள் தையல்நாயகி.

மெர்லின் அம்மாவைப் பார்த்தாள். அக்னஸ் தலையசைத்ததும் குழந்தையைச் சுவரோரமாகக் கிடத்தினாள். தானாகப் புரளமுடியாத இரண்டு உடம்புகள் ஒரே கட்டிலில். தையல்நாயகி கழுத்தைத் திருப்பி அதன் உச்சந்தலையை முகர்ந்தாள்.

அப்போது கழிப்பறையில் 'குபுக்' என்றது. அக்னஸ் ஓடினாள். பீங்கானில் தண்ணீர் ஒரு விரல் ஏறி நின்றது. மூடியைத் திறந்துவிட்டார்களோ என்று குடையை எடுத்துக்கொண்டு மேலத்தெருவுக்கு நடந்தாள். முட்டிவரை தண்ணீர் இழுத்தது.

தெரு நடுவில், மூடியின்மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உரச்சாக்கை மழைக்குத் தலைமேல் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு துரைக்கண்ணு உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டு நெடுஞ்செழியன் கடப்பாரையோடு நின்று கத்திக்கொண்டிருந்தான்.

"யோவ் பெருசு, எழுந்திருய்யா! தெருவே ஏரியாயிடுச்சி. நீதானய்யா தொறக்கக் கத்துக்குடுத்த?"

"கத்துக்குடுத்தவந்தான்டா சொல்றேன், போ. நீ ஒருவாட்டி நெம்புனது போதும். இந்தத் தண்ணி பிரசவக்காரி வூட்டுக்குப் போவுது."

"ஒன் வூட்டுக்குள்ளயுந்தான் போவுது. திரும்பிப் பாரு."

"போவட்டும். அங்க யாரும் இல்ல."

நெடுஞ்செழியன் போகவில்லை. கடப்பாரையைத் தண்ணீருக்குள் ஊன்றிக்கொண்டு நின்றான். அக்னஸைக் கண்டதும் துரைக்கண்ணு சாக்கைச் சற்றுத் தூக்கினார்.

"கொழந்த யாரு ஜாடம்மா?"

"இன்னும் ஒண்ணும் தெரியலண்ணா. அக்காவ உத்து உத்துப் பாக்குது."

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் வீட்டு வாசற்படியைத் தாண்டி ஒரு அலுமினியக் குண்டான் மிதந்து வெளியே வந்தது. மெதுவாகத் தெருவைக் கடந்து நாற்காலிக் காலில் முட்டி நின்றது. துரைக்கண்ணு எழவில்லை. உட்கார்ந்தபடியே குனிந்து அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மழை அதற்குள் டங் டங்கென்று விழுந்தது. நிறைந்ததும் கவிழ்த்து ஊற்றிவிட்டு, மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.