விட்டுப்போன கட்டம்

பட்டுப்புடவையை வாடகைக்கு விட ஆரணிக் கடைக்காரி சுபத்ராவுக்கு ஆசை. அதற்கு மென்பொருள் செய்ய வந்த ராதிகாவுக்கு இது மூன்றாம் நாள். இந்த அம்மா வேளைக்கொரு விதி சொல்வார். ராதிகா வரைபடத்தில் கட்டம் கட்டமாகச் சேர்ப்பாள். நிறம், வாடகை, எடுக்கும் நாள், திருப்பும் நாள், கறை பட்டால் அபராதம். குனிந்து வரைந்து கழுத்தே வலித்தது. இன்றாவது கையெழுத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட வேண்டும்.

அப்போதுதான் முள்ளிப்பட்டிலிருந்து தமிழ்ச்செல்வி வந்தாள். தங்கை கல்யாணத்துக்குக் கட்ட ஒரு புடவை வேண்டுமாம்.

சுபத்ரா மாம்பழ நிறத்தில் ஒன்றை விரித்தார். தமிழ்ச்செல்வி முந்தானையைத் தடவிப் பார்த்தாள். "இது எங்க எதிர்வீட்டுத் தறிங்க. இத்தைக் கட்டிகினு போனா, பந்தி போடறதுக்குள்ள வாடகைன்னு ஊருக்கே தெரிஞ்சிடும்."

"அப்ப இந்தப் பச்சை?"

"அது நானே நெய்ததுங்க."

கோபமில்லாமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, பச்சைப் புடவையை மடிப்பு கலையாமல் திருப்பி வைத்தாள்.

சுபத்ரா அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். ராதிகாதான் கேட்டாள்: "உங்களுக்கு எந்த மாதிரி வேணுங்க?"

"எங்க ஊர்ல நெய்யாததா ஒண்ணு குடுங்க, போதும்."

ராதிகா பெருமூச்சோடு வரைபடத்தை இழுத்து, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டம் போட்டு எழுதினாள்: யார் தறி?

சுபத்ரா அலமாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எழுதி இன்னாம்மா ஆவப்போவுது? எண்பது புடவையும் அந்த ஊருதான்."