பிக்கப்பைக் கொடுக்கலாமா

எங்கள் வீட்டுக்காரருக்குக் கொஞ்ச நாளாகவே கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து வாசலுக்குப் போய் பிக்கப்பைப் பார்க்கிறார். திரும்பி வந்து, "குடுத்துடலாம்" என்கிறார். தட்டு காலியாவதற்குள், "வேணாம், இருக்கட்டும்" என்கிறார். கை கழுவும்போது, "ஜீப்பு எடுத்தா நல்லாத்தான் இருக்கும், நீ என்ன சொல்ற?" என்கிறார். நான் என்னத்தைச் சொல்ல! வாயைத் திறந்தால் ஒரு சண்டை, மூடினால் "நீ எதையுமே சொல்ல மாட்டேங்கற" என்று அதற்கொரு சண்டை.

ஜீப்பு என்று நாங்கள் சொல்வது நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற அந்த உயரமான எஸ்.யூ.வி. வண்டியை. கல், மேடு, சேறு எதுவானாலும் ஏறிவிடுமாம். எங்களிடம் இருப்பது பிக்கப். முன்னால் உட்கார இடம், பின்னால் திறந்த தொட்டி, தொட்டியில் கூரை போல இருபுறமும் சரிந்து நிற்கும் ஓர் இரும்புச் சட்டம். எங்களுக்குக் கண்ணாடி வியாபாரம். வீட்டு ஜன்னல், கடை முகப்பு, பஸ், லாரி, எதற்கு வேண்டுமானாலும் அளவெடுத்து வெட்டிப் பொருத்திக் கொடுப்போம். ஆள் உயர ஷீட்டுகளை அந்தச் சட்டத்தில் சாய்த்துக் கயிறு கட்டித்தான் கொண்டுபோக வேண்டும். ஜீப்பில் ஏற்றுவதென்றால் முதலில் ஜீப்பின் கூரையை வெட்ட வேண்டியதுதான். பிக்கப் போனால் பிழைப்பும் போச்சு என்பது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அப்புறம் எதற்கு ஜீப்பு? எங்கள் மகளுக்காக.

எங்களுக்கு ஒரே மகள். படிப்பு முடிந்ததும் கடைக்கு வந்தாள். அப்பாவுக்கு வலது கையானாள். கண்ணாடி ஏற்றிய வண்டிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஓட்டுவார். இன்னொருவர் சீட்டில் திரும்பி உட்கார்ந்து, பின்பக்கச் சின்ன ஜன்னல் வழியாக ஷீட்டுகளைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். மேடு பள்ளம் வந்தால் வண்டி ஊர்ந்து ஏறி இறங்கி நிற்கும். கண்ணாடியின் நடுக்கம் அடங்கியதும் பின்னால் பார்க்கிறவர் "சரி" என்று குரல் கொடுப்பார். அதற்கப்புறம்தான் வண்டி நகரும். அந்த "சரி"யைச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான். இவர் அவளைக் குட்டி என்று கூப்பிடுவார்.

பிறகு அவளுக்கு மலைமேல் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை கிடைத்தது. படித்த படிப்புக்கு ஏற்ற வேலை. சந்தோஷப்பட வேண்டிய மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? "கடைய விட்டுப் போறவளுக்கு இந்த வீட்ல என்ன வேலை?" என்றார். மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள். வந்தால் வாய்க்கு வந்ததைக் கொட்டிவிடுவார். அவள் மட்டும் என்ன, அவர் பெற்ற பெண்தானே? பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள்தான். அதற்கப்புறம் என்னோடு மட்டும்தான் போன் பேச்சு. "அப்பா எப்படி இருக்காரு?" என்று அவள் கேட்க மாட்டாள். "குட்டி என்ன சொன்னா?" என்று இவர் கேட்க மாட்டார். ஆனால் நான் பேசும்போதெல்லாம் இவருக்கு அந்த அறையில்தான் ஏதாவது தேட வேண்டியிருக்கும்.

போன மழையில் அந்த மலைப்பாதை அடித்துக்கொண்டு போய்விட்டது. போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று நான் ஆரம்பித்தபோதெல்லாம், "பிக்கப் ஏறாது, பாதை இல்ல" என்றார். இதற்கு நடுவில் அவள் படியில் வழுக்கி விழுந்து வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறாள் என்று தெரிந்தது. தனியாக இருக்கிற பெண் ஒற்றைக் கையால் எப்படிச் சமைப்பாள், எப்படித் துவைப்பாள்? இடுப்பு வரை முடி அவளுக்கு. யார் பின்னி விடுவார்கள்? என் கவலையெல்லாம் அந்த முடியிலேயே போய் நின்றது.

அன்றிலிருந்துதான் ஜீப்பு பேச்சு. "ஜீப்பு எடுத்துட்டா நேரா அவ வாசல்ல போய் நிப்போம். நீ முன்னாடியே எதையும் சொல்லி வைக்காத" என்றார். சரி, பிழைப்பு போனால் போகட்டும், என் பெண்ணைப் பார்த்தால் போதும் என்று நானும் தலையாட்டினேன். ஆனால் இந்த மனுஷன் முடிவெடுத்தால்தானே! ஒரு நாள் டயர் சரியில்லை என்றார். ஒரு நாள் கலர் சரியில்லை என்றார். பூனை குட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவது போல அந்தப் பேச்சை வாயில் கவ்விக்கொண்டு வீடு முழுக்க அலைந்தார்.

கடைசியில் நானே பிடித்து இழுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். "இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

ஷோரூம்காரர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். சிரிப்பை எங்கே நிறுத்துவது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. மனசுக்குள் அவருக்குப் பல்லுக்காரர் என்று பெயர் வைத்தேன். எங்கள் பிக்கப்பைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். "சார், நல்லா வெச்சிருக்கீங்க. பழைய வண்டிய எடுத்துக்கறோம், புதுசுல கழிச்சுக்கலாம். வாங்க, முதல்ல ஓட்டிப் பாருங்க" என்றார்.

ஷோரூமுக்குப் பின்னால், வேண்டுமென்றே கெடுத்து வைத்த ஒரு மைதானம். மண்மேடு, குழி, கற்குவியல், ஓரமாகச் சேறு. நல்ல சாலைக்காக ஊரே மனுக் கொடுத்துக்கொண்டிருக்க, இங்கே செலவு செய்து குழி தோண்டி வைத்திருக்கிறார்கள்! இவர் ஓட்ட, பல்லுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின் சீட்டில் ஏறினேன்.

"பயப்படாம அழுத்துங்க சார். துள்ளிக்கிட்டுப் போகும்."

இவர் அழுத்தவில்லை. வண்டி எறும்பு மாதிரி ஊர்ந்தது. முதல் மேட்டில் மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கி, நின்றுவிட்டது.

"ஏன் சார் நின்னுட்டீங்க?"

ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், போலாம் சார். நாலு சக்கரமும் இழுக்குது, ஒண்ணும் ஆகாது."

அவர் நகரவில்லை. தலையை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்த்து, ஏதோ கேட்பதற்காகக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடவுளே! இந்த மனுஷன் பின்னால் கண்ணாடி இருப்பதாக நினைத்து ஓட்டுகிறார். குரல் வருவதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்.

"சரி" என்றேன்.

வண்டி உடனே நகர்ந்தது. அவர் கழுத்து சிவந்துபோனதைப் பார்த்தேன். என்ன செய்தோம் என்று அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். பல்லுக்காரருக்கு ஒன்றும் புரியாமல், முதல் முறையாகச் சிரிப்பு நின்றது. இந்தக் கல்லுளிமங்கன் இத்தனை நாளாக அவளை நினைத்து நினைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

உள்ளே போய்க் கலர் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெளியே வந்து மகளுக்குப் போன் போட்டேன். பாதை இப்போது எந்த அளவுக்கு மோசம், எந்த வண்டி வேண்டும் என்று அவளிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"என்னம்மா, வேலை நேரத்துல?"

"ஒண்ணுமில்லடி. அந்தப் பாதை இன்னும் அப்படியேதான் கிடக்கா?"

"எந்தப் பாதை?"

"மழையில போச்சே, அது."

"அதெல்லாம் போட்டு எவ்வளவோ நாளாச்சு. பஸ்ஸே வருது. எங்க ஆஸ்பத்திரி வாசல்லதான் வந்து திரும்புது. ஏம்மா கேக்கற?"

எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "தலையை யாருடி பின்னி விடறா?" என்றேன்.

"யாரும் இல்ல" என்றாள். "வெட்டிட்டேம்மா. ஒத்தக் கையால முடியல."

போனை வைத்துவிட்டு அங்கேயே அழுதேன். அழுகை முடிவதற்குள் கோபம் வந்துவிட்டது. நேரே உள்ளே போய், வெள்ளையா சாம்பலா என்று பார்த்துக்கொண்டிருந்தவரின் கையைப் பிடித்து இழுத்தேன். "மேடம், சார் இன்னும் செலக்ட் பண்ணல" என்றார் பல்லுக்காரர். "அவரு ஜென்மத்துக்கும் செலக்ட் பண்ண மாட்டாரு" என்று சொல்லிவிட்டு இவரை எங்கள் பிக்கப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"பஸ் போகுதாமே?"

முகம் பேயறைந்தது போல ஆனது. "யாரு சொன்னா?"

"உங்க பொண்ணு. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லுங்க."

கொஞ்ச நேரம் டயரை உதைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "தெரியும்" என்றார். "அந்த பஸ்ஸுக்கு ஜன்னல் கண்ணாடி மாத்தினதே நான்தான்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "அடப்பாவி மனுஷா! கையால கண்ணாடி போட்டு மேல அனுப்பி வெச்சுட்டு, எங்கிட்ட பாதை இல்லன்னு சொன்னீங்களா? அங்க என் பொண்ணு பின்ன ஆளில்லாம முடிய வெட்டிக்கிட்டா!"

"வெட்டிட்டாளா?" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் திட்டுவதை நிறுத்திவிட்டேன். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பஸ்ல போனா, இறக்கி விட்டுட்டு அது போயிடும்" என்றார் மெதுவாக. "அவ கதவ சாத்திட்டான்னு வெச்சுக்கோ. அடுத்த பஸ் வர்ற வரைக்கும் அந்த வாசல்ல நான் எப்படி நிப்பேன்? சொந்த வண்டின்னா உடனே கிளம்பி வந்துடலாம்."

"அதான் இது இருக்கே, சொந்த வண்டி?"

"இதுல போனா, மறுபடியும் கண்ணாடி பிடிக்கக் கூப்பிட வந்திருக்கேன்னுதான் நினைப்பா. கடைக்காரனாத்தான் என்னைப் பார்ப்பா. ஜீப்புல போனா அப்படித் தோணாது. ஆனா இத வித்துட்டா, நாளைக்கு சோத்துக்கு என்ன பண்றது சொல்லு? ரெண்டு பக்கமும் யோசிச்சு யோசிச்சு எனக்குத் தலையே வெடிக்குது."

அவர் மேல் அவ்வளவு பாவமாக இருந்தது எனக்கு. இந்த ஒன்றை என்னிடம் சொல்வதற்கு எத்தனை டயர், எத்தனை கலர்!

"சட்டத்தக் கழட்டுங்க" என்றேன்.

"என்னது?"

"காதுல விழலையா? அந்தச் சட்டத்தக் கழட்டி இங்க வைங்க. வெறும் வண்டியா போவோம். ஜீப்பு ஒண்ணும் வேணாம். பஸ்ஸே ஏறுது, இது ஏறாதா?"

என்னையே பார்த்தார். மறுப்பார் என்றுதான் நினைத்தேன். சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். நட்டுகள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. வாங்கிய நாளிலிருந்து கழற்றியதே இல்லை. வியர்க்க வியர்க்கத் திருகினார். பல்லுக்காரர் ஓடி வந்து, "சார், என்ன சார் பண்றீங்க? இத எங்க சார் வைக்கறது?" என்று கத்தினார். "எங்கயாவது சாய்ச்சு வைங்க தம்பி. அப்புறம் வந்து எடுத்துக்கறோம். பத்திரம்" என்றேன். மினுமினுக்கிற ஜீப்புகளுக்கு நடுவில் அந்தப் பழைய இரும்புச் சட்டத்தை நிறுத்திவிட்டுக் கிளம்பினோம்.

பாதை அருமையாக இருந்தது. வண்டி ஒரு முனகல் இல்லாமல் ஏறியது. அவர்தான் வளைவுக்கு வளைவு, "திரும்பிடலாமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். வளைவுக்கு வளைவு நான் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு வரிசை குடியிருப்பு. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவள் வீட்டுக்கு எதிரே வந்ததும் வண்டியைத் திருப்பி, மூக்கு இறக்கத்தைப் பார்க்கும்படி நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை.

"நீ போ. நான் இங்கயே இருக்கேன்."

இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். திறந்தாள். கழுத்தளவு முடி, காது மடல் தெரிந்தது. கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். சின்ன வயதில் அம்மை போட்டு எழுந்தபோது இருந்த முகம். நான் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. என் தோளுக்கு மேல் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சட்டம் எங்கம்மா?"

"கழட்டிட்டாரு."

"ஏன்?"

"வேலைக்குக் கூப்பிட வரலன்னு உனக்குத் தெரியணுமாம்."

"இன்ஜின் ஏன் ஓடிக்கிட்டே இருக்கு?"

"நீ உள்ள வான்னு சொல்லலன்னா உடனே போயிடறதுக்கு" என்றேன். அந்த நேரத்தில் எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

செருப்புக்கூடப் போடாமல் அவள் தெருவில் இறங்கினாள். அவர் இவளைப் பார்க்காமல் நேராக இறக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கை இரண்டும் ஸ்டீயரிங் மேல். அவள் ஜன்னல் வழியாக இடது கையை உள்ளே விட்டு, எக்கி, சாவியைத் திருப்பி உருவினாள். இன்ஜின் நின்றது. சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டு திரும்பி வந்து, என்னைத் தாண்டி வீட்டுக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை.

சாவி இல்லாத வண்டியில் அவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு வண்டிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.