பச்சைக்கு ஊற்றிய தண்ணீர்

நீச்சல் தடாகத்துக்கு நீலமா பச்சையா என்று முதலாளி மூன்று நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த மூன்று நாளும் சோறு இறங்கவில்லை. குசினியில் ரொட்டி சுடுகிற இந்தக் கலாராணிக்கு இதில் என்ன வந்தது என்று நீங்கள் கேட்கலாம். எல்லாம் இதில்தான் வந்தது.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் துரை இருந்த பழைய பங்களாவைக் கொழும்பு முதலாளி வாங்கி ஹோட்டலாக்கினார். குழி வெட்டி, கொங்கிரீட்டும் போட்டாகிவிட்டது. உள்ளே பூசும் நிறம்தான் பாக்கி. பதுளை டவுனில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் ஜெஸீம் நானா தேத்தண்ணீர் குடித்தபடி முதலாளியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. தடாகத்துக்கு எடுக்கப்போகும் ஓடைத் தண்ணீரில் செம்மண் மங்கல் இருக்கிறதாம். எத்தனை முறை வடிகட்டினாலும் முழுசாகப் போகாதாம். கரும்பச்சை பூசினால் வெளியே தெரியாது. வெளிர் நீலம் காட்டிக்கொடுத்துவிடும். நீலம்தான் என்றால் மேலே இருக்கிற ஊற்றிலிருந்து குழாய் இழுக்க வேண்டுமாம்.

அந்த ஊற்றுத் தண்ணீர்தான் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்துப் பீலிக்கு வருகிறது. நாற்பத்திரண்டு வீட்டுக்கும் குடிக்க, சமைக்க அந்த ஒரு பீலிக் குழாய்தான். ஆகஸ்ட் மாதத்தில் விரல் பருமனில் ஒழுகும் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுச் சண்டை போடுவோம். அதில் போய் இவர்கள் நீந்தப்போகிறார்களாம். வயிறு எரியாதா?

அன்றைக்கே லயத்தில் போய்ச் சொல்லிவிட்டேன், பச்சை என்றால் தப்பித்தோம் என்று. பக்கத்து வீட்டுப் பெரியாயி அக்கா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார். சாமியை நம்பிச் சும்மா இருக்க எனக்கு முடியவில்லை. தட்டு வைக்கும்போதெல்லாம் முதலாளியின் முகத்தையே பார்ப்பேன். காலையில் பச்சை என்பார். மத்தியானம் கொழும்புக்குப் போன் பேசிவிட்டு நீலம் என்பார். இவரெல்லாம் ஒரு மனுஷனா என்றிருக்கும்.

நாலாம் நாள் ஜெஸீம் நானா இரண்டு நிறமும் பூசிய மாதிரித் துண்டுகள் கொண்டுவந்து, தனித்தனி வெள்ளைப் பேசினில் வைத்தார். தண்ணீருக்குள் வைத்து வெயிலில் பார்த்தால்தான் நிஜ நிறம் தெரியுமாம். ஓடையிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் கொண்டுவா என்றார் முதலாளி.

ஒரு வாளியில்தான் ஓடைத் தண்ணீர் எடுத்தேன். மற்ற வாளியோடு மேட்டில் ஏறி, மூச்சு வாங்க, பீலியில் பிடித்தேன். ஓடைத் தண்ணீரை நீலத்துக்கு ஊற்றினேன், பீலித் தண்ணீரைப் பச்சைக்கு ஊற்றினேன். நீலம் அழுக்காகத் தெரியட்டும், பச்சை பளிச்சென்று தெரியட்டும். வேறு கெட்ட எண்ணம் எனக்கு இல்லை.

நீலத்தைப் பார்த்து முதலாளி முகம் சுளித்தார். பச்சைக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். கையை விட்டு அளைந்து பார்த்து, இதையே பூசுங்கள் என்றார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அதோடு நான் உள்ளே போயிருக்க வேண்டும். முதலாளி என் பக்கம் திரும்பி, இதற்கு மட்டும் போத்தல் தண்ணீர் வாங்கி ஊற்றினாயா என்று கேட்டுச் சிரித்தார். எங்களிடம் நல்லது ஒன்று இருக்கவே முடியாது என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. எனக்குச் சுருக்கென்றது.

"போத்தல் தண்ணி எதுக்குங்க? இது எங்க பீலித் தண்ணி. இந்த மலை பூராத் தேடினாலும் இப்புடி ஒரு தண்ணி கெடைக்காதுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது எனக்கே உறைத்தது. ஜெஸீம் நானா தலை குனிந்துகொண்டார். முதலாளி இன்னொரு தரம் கையை விட்டு அளைந்தார்.

"அப்ப ஓடைத் தண்ணி வேணாம். பச்சையே பூசுங்க, பைப்பை மேல இருந்து எடுங்க."

அது குடிக்கிற தண்ணீர், நாற்பத்திரண்டு வீடு இருக்கிறது என்று நான் பின்னாலேயே போய்ச் சொன்னேன். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

சாயந்தரம் லயத்துக்கு ஏறினேன். பீலியடியில் பொம்பளைகள் எல்லாரும் குடத்தோடு எனக்காகக் காத்திருந்தார்கள். "என்ன கலருடி?" என்று பெரியாயி அக்கா கேட்டார்.

"பச்சை."

ஒரே சிரிப்பும் சத்தமும். அக்கா என் கன்னத்தைத் தடவினார். பிறகு நிறைந்து நின்ற தன் குடத்தைத் தூக்கி என் இடுப்பில் வைத்து, "இன்னைக்கு மொதக் குடம் ஒனக்குத்தான், கொண்டு போ" என்றார்.