அசோகன் பெயரில் ஒரு ஜோடி

விடிவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கோல்டு ரூமின் கதவைச் சாத்திக்கொண்டு இறால் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். ஒரு பெட்டி இருபது கிலோ. விட்ட மூச்சு மீசையிலேயே பொடியாக உறைந்துவிடும். அலுமினியத் தட்டை ஈரக் கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும், பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். பிய்க்கும்போது வலிக்காது. வீட்டுக்குப் போய்ச் சூடான சோற்றில் கை வைக்கும்போது வலிக்கும்.

மெட்ராஸில் குளிரா என்று சிரிக்கிறவர்கள் திருவொற்றியூருக்கு வரட்டும். எங்கள் அறைக்குள் பத்தே பத்து நிமிடம் நிற்கட்டும். பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. அதில் நாங்கள் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஏறி இறங்குகிறோம். கம்பெனி கொடுக்கும் பருத்திக் கையுறை இரண்டாவது வாரமே விரல் நுனியில் கிழிந்துவிடும். அதன்மேல் பால் பாக்கெட் கவரைச் சுற்றிச் சணல் கட்டிக்கொள்வோம்.

“இன்னா மாமு, கை கீதா? இல்ல பொட்டில வச்சு ஜப்பானுக்கு அனுப்சிட்டியா?”

முதுகுக்குப் பின்னால் அசோகன் கேட்டான். சட்டென்று திரும்பினேன். பெட்டிகள்தான் இருந்தன. அசோகன் செத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

எனக்கு எதிரே பெட்டி தூக்கிக்கொண்டிருந்த ரஷீதும் அதே பக்கம் திரும்பியிருந்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கக்கத்தில் கையைச் செருகிக்கொண்டான்.

அசோகனும் நானும் வியாசர்பாடியில் ஒரே ஹவுசிங் போர்டு பிளாக். ஆறு வருடம் ஒன்றாகச் சைக்கிள் மிதித்தோம். ஷிப்டு முடிந்து, கடலோரமாக எண்ணூர் நெடுஞ்சாலையில் வந்து, தண்டையார்பேட்டை பக்கம் திரும்பி, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டி வீடு. அந்தச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் நிற்கும். மார்கழி மாதத்தில் பனி வேறு. கோல்டு ரூமிலிருந்து வெளியே வந்த ஈரக் கையில் கடல்காற்று அடித்தால் விரல்கள் மரக்கட்டையாகிவிடும். ஹேண்டில் பாரைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

“உள்ள போட்றது எப்டியும் நனைஞ்சிடும் மாமு. வெளிய வந்ததும் மாட்டிக்கிறதுக்குக் காய்ஞ்ச கிளவுஸ் ஒண்ணு வேணும். வண்டி ஓட்டவே” என்று அசோகன் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் சாவதற்கு மூன்று நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, சென்ட்ரல் பக்கம் போனோம். மழைக்காலம் முடிந்ததும் திபெத்துக்காரர்கள் அங்கே வரிசையாக ஸ்வெட்டர் கடை போடுவார்கள். ஊட்டிக்குப் போகிறவர்களும் ஐயப்பன் மலைக்குப் போகிறவர்களும் வாங்குவார்கள். சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் கையுறை கேட்டு வந்தது அந்தக் கடைக்காரப் பெண்ணுக்கே ஆச்சரியம். அவன் சைக்கிளைக் கடை ஓரமாகவே நிறுத்தி, ஒவ்வொரு ஜோடியாக மாட்டி ஹேண்டிலைப் பிடித்துப் பார்த்தான்.

நாற்பது ரூபாய்க்குக் கம்பளி ஒன்று இருந்தது. மெத்தென்றுதான் இருந்தது, ஆனால் பிரேக்கைப் பிடித்ததும் நழுவியது. “வழுக்குது மாமு. அப்பால காத்து ஓட்ட வழியா பூந்துடும்” என்று கழற்றினான். அடுத்தது ஸ்கூட்டர்காரர்கள் போடும் ரெக்சின். காற்றுப் புகாது, சரி. விரலை மடக்க முடியவில்லை. மூன்றாவது ஜோடியை அந்தப் பெண்ணே தேடி எடுத்தாள். உள்ளங்கையில் தோல், புறங்கையில் தடித்த கம்பளி, உள்ளே புசுபுசுவென்று பஞ்சு, மணிக்கட்டில் எலாஸ்டிக். அசோகன் மாட்டினான். பிரேக்கை இழுத்தான். சக்கரம் கெட்டியாக நின்றது. கண்ணை மூடிக்கொண்டான்.

“அடுப்பாண்ட கை காட்னா மாதிரி கீது மாமு.”

விலை நூற்றறுபது. அவனிடம் நூற்றிருபது இருந்தது. என் பையில் ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்று இருந்தது. அதை எடுத்து நீட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான்தான் பெரிய பேரக்காரன் ஆயிற்றே! மூர் மார்க்கெட்டிலும் பர்மா பஜாரிலும் பேரம் பேசி வளர்ந்த உடம்பு.

“நூறு ரூபா, குடும்மா” என்றேன்.

“ஃபிக்ஸட் ரேட் அண்ணா.”

அசோகன் கையிலிருந்து கையுறையை உருவிப் பலகையில் போட்டுவிட்டு அவனையும் சைக்கிளையும் இழுத்துக்கொண்டு நடந்தேன். “வா, பத்தடி நடந்தா அவளே கூப்புடுவா.” பத்தடி நடந்தோம். இருபதடி நடந்தோம். அசோகன் இரண்டு தடவை திரும்பினான். “திரும்பாதடா, வெல ஏறிடும்” என்று அதட்டினேன். பஸ் ஸ்டாப் வரை போய்விட்டோம், யாரும் கூப்பிடவில்லை. திரும்பிப் போக இருவருக்கும் வெட்கம். “அட்த்த வாரம் பாத்துக்கலாம் மாமு” என்று அவன்தான் என் தோளில் தட்டினான்.

அந்த அடுத்த வாரம் அவனுக்கு வரவில்லை. புதன்கிழமை காலை ஆறேகால். எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். பனிக்குள் ஒரு கண்டெய்னர் லாரி பின்விளக்கு இல்லாமல் நின்றிருந்தது. “மாமு!” என்று ஒரு சத்தம் கேட்டது. நான் என் பிரேக்கை இரண்டு கையாலும் சேர்த்து இறுக்கி, காலைத் தரையில் தேய்த்து நின்றபோது அவன் சைக்கிளின் பின்சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

பிரேக் பிடிக்கவில்லை என்று போலீஸ் எழுதியது. அசோகன் சைக்கிளின் பிரேக் கட்டையை அதே ஞாயிற்றுக்கிழமை மாலை நானும் அவனும்தான் மாற்றினோம். நெளிந்து கிடந்த சைக்கிளை எடுத்து அழுத்திப் பார்த்தேன். பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. விறைத்துப்போன என் விரல்களுக்குத்தான் அதை அழுத்த மூன்று முறை ஆயிற்று.

முதலாளி சாலமோன் மாலையோடு வந்தார். “ரோட்டுல நடந்ததுக்குக் கம்பெனி என்னய்யா செய்யும்? பிரேக் இல்லாத வண்டியில போயிருக்கான்” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். பிறகு இரக்கப்பட்டு, அசோகன் மனைவி கார்குழலிக்கு இறால் உரிக்கும் வேலை போட்டுக் கொடுத்தார். ஒன்பதாம் நாளே அவள் வந்துவிட்டாள். வீட்டில் இரண்டு பிள்ளைகள், வராமல் என்ன செய்வாள்? சக்கரத்தை நிமிர்த்திய அதே சைக்கிளில் வந்தாள். அவள் பின்னால் மிதித்து வரும்போது நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். அசோகன் வண்டியின் செயின் கவர் சத்தம் எனக்குத் தெரியாதா!

பதினோராம் நாளுக்கு வருகிறேன். அன்றைக்கு விடியற்காலை, சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆட்கள், கண்டெய்னர் ஏற்றுவதைப் பார்க்க வருவதாக இருந்தது. இப்படி யாராவது வந்தால் எங்களுக்குப் புதுக் கோட்டு, புதுத் தொப்பி, புதுக் கையுறை எல்லாம் கிடைக்கும். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் நீலப் பிளாஸ்டிக் டப்பைத் தூக்கிக்கொண்டு சூப்பர்வைசர் ரகுபதி வருவார். எல்லாவற்றையும் கழற்றி அதில் போட்டுவிட வேண்டும். ஆறு வருடமாக வழக்கம் இதுதான்.

ஐந்து மணிக்கு ஹாலில் நிற்கவைத்து ரகுபதி பட்டியலைப் படித்தார். பெயரைக் கேட்டவர் போய்க் கையெழுத்துப் போட்டு ஒரு பாக்கெட் வாங்க வேண்டும். என் முறை வந்தது. பிரித்தேன். உள்ளங்கையில் தோல், புறங்கையில் கம்பளி, உள்ளே பஞ்சு. அதே கையுறை. முன்பெல்லாம் கொடுத்தது வெறும் பருத்திதான், இதை எங்கே வாங்கினார்களோ.

“அசோகன்” என்று ரகுபதி கூப்பிட்டார்.

பழைய பட்டியல். கார்குழலி பெயரைச் சேர்த்தவர் இவன் பெயரை அடிக்க மறந்திருந்தார். ரகுபதி தலை தூக்கினார், முகம் வெளுத்துவிட்டது. எல்லோரும் வாசற்பக்கம் பார்த்தோம். ஏன் பார்த்தோம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வந்தாலும் வந்துவிடுவான் என்றுதான் இருந்தது.

கார்குழலி வரிசையிலிருந்து வெளியே வந்தாள். கையை நீட்டினாள்.

“குடு சார்.”

“உனக்குத்தான் ஏற்கெனவே…”

“எங்கூட்டுக்காரு பேரத்தான கூப்ட்ட? குடு.”

ரகுபதி கொடுத்துவிட்டார். அவள் அந்தப் பெயருக்கு எதிரே கையெழுத்தும் போட்டாள்.

வந்தவர்கள் மூன்று பேர். சுற்றிப் பார்த்தார்கள், எங்கள் கைகளைப் பார்த்துத் தலையாட்டினார்கள். சாலமோன் அவர்களிடம் “எவ்ரி மன்த், எவ்ரி மன்த்” என்றது எனக்கே புரிந்தது. நான் அதைக் கேட்டுக்கொண்டே விரல்களை மடக்கிப் பார்த்தேன். ஷிப்டு முடியும் நேரத்தில் என் விரல் தானாக மடங்கியது ஆறு வருடத்தில் அதுவே முதல்முறை.

கண்டெய்னர் ஏற்றும் வேலை முடிந்து வரிசையில் நின்றோம். கார்குழலி எனக்குப் பக்கத்தில் நின்றாள். எனக்கு அடக்க முடியவில்லை.

“கார்குழலி, இதே கிளவுஸுதான் அவன் அன்னிக்குப் பாத்தான். எம் பாக்கெட்ல அம்பது ரூபா இருந்துச்சி. நாந்தான் இழுத்துகினு வந்துட்டேன்.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “தெரியும்ணா. வூட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லி சிரிச்சாரு. நம்ம மாமுவயே ஒரு பொம்பள டபாய்ச்சிட்டாளேன்னு.” கையுறையைத் தூக்கிக் காட்டினாள். “நீ பேரம் பேசினதாலயா அவரு செத்தாரு? புது கிளவுஸ வருஷத்துல நாலு தபா குடுத்துட்டு, புடுங்கி உள்ள வச்சிக்கிறானுங்களே, அதக் கேளு மொதல்ல.”

கார் கேட்டைத் தாண்டியது. ரகுபதி நீல டப்போடு வந்தார். “ம், ஜல்தி. கழட்டிப் போடுங்க.”

முதலில் நின்றது கார்குழலி. அசோகன் பெயரில் வாங்கிய ஜோடியை மாட்டியிருந்தாள். அவள் கைக்குப் பெரிசு, தொளதொளவென்று இருந்தது. கழற்றவில்லை.

“இது அவரு பேர்ல குடுத்தது. அவர வந்து கேக்கச் சொல்லு சார், குடுக்கறேன்.”

ரகுபதி என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். ரஷீது கட்டிக்கொண்டான். துணி கசங்கும் சத்தம் வரிசையின் கடைசி வரை போயிற்று. டப்பு காலியாக இருந்தது.

சாலமோன் வந்துவிட்டார். “என்னய்யா இது? அது கம்பெனி சொத்து, பாத்துக்கிடுங்க.”

“கிளவுஸ் கம்பெனிது சார். அதுக்குள்ள கீற கை?” என்றான் ரஷீது.

“திருட்டுக் கேஸ் கொடுப்பேன்.”

“குடுங்க. அந்த லிஸ்ட்டயும் ஸ்டேசனுக்கு எடுத்துகினு வாங்க. நாங்க வாங்கினோம்னு கையெழுத்துப் போட்டுக் கீறோம். செத்தவன் பேரும் அதுல கீது” என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

“நாளையிலேர்ந்து ஒருத்தனும் வேலைக்கு வர வேண்டாம்.”

“நைட்டு பத்து மணிக்கு வருவோம் சார்” என்றாள் கார்குழலி. “இத்தப் போட்டுகினு வருவோம். மாசாமாசம் ஒரு ஜோடி. அப்பால, எங்கூட்டுக்காரு உங்க வேலையாலதான் செத்தாருன்னு எழுதிக் குடுக்கணும்.”

நடக்கத் தொடங்கினோம். முப்பத்தொரு பேர், முப்பத்திரண்டு ஜோடி. பத்தடி போயிருப்போம். பின்னாலிருந்து சாலமோன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

“பாரி! நில்லுய்யா. நீ மட்டும் வா, பேசிக்கிடலாம்.”

பதினோரு நாளாகப் பின்னாலிருந்து யாரோ கூப்பிடுவதற்காகவே காத்திருந்தவன் நான். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. ரஷீது என் தோளில் கை போட்டான். “தனியா வர மாட்டோம் சார். பேசறதுன்னா எல்லார்கிட்டயும் பேசுங்க” என்று திரும்பாமலே சத்தமாகச் சொன்னேன். குரல் இன்னொரு தடவை வந்தது. யாரும் நிற்கவில்லை.

பதினாறு சைக்கிள் இருந்தது. பஸ்ஸுக்குப் போகிறவர்களும் அன்று கேரியரிலும் பாரிலும் ஏறிக்கொண்டார்கள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. கடல் பக்கம் ஒன்றும் தெரியவில்லை, அலைச் சத்தம் மட்டும். லாரிகள் வரிசையாக நின்றன. அசோகன் விழுந்த இடம் நெருங்கியது. சாலையில் மணல் போட்டு மூடிய கறை இன்னும் இருந்தது. என் பக்கத்தில் யாரோ மிதித்து வருவது போலவே இருந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. கார்குழலி முன்னால் போனாள்.

அங்கே வந்ததும் அவள் பிரேக்கை அழுத்தினாள். யாரும் சொல்லாமலே எல்லோரும் அழுத்தினோம். பதினாறு சைக்கிளும் ஒரே கிறீச்சோடு அந்த இடத்தில் நின்றன. ஒன்றுகூட ஒரு முழம் தாண்டிப் போகவில்லை.

லாரிக்காரர் ஒருவர் கேபினிலிருந்து எட்டிப் பார்த்தார். கார்குழலி குனிந்து பிரேக்கைப் பிடித்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழுதாள். செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

இரவு கேட் பூட்டியிருக்கலாம். போலீஸ் நிற்கலாம். எதுவும் தெரியாது. ஒன்பது மணிக்கு கொருக்குப்பேட்டை கேட்டருகே எல்லோரும் கூடி, ஒன்றாகவே போய் வாசலில் நிற்பது என்று அங்கேயே முடிவாயிற்று. ரஷீது ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்டான், ஒவ்வொருவராக வருகிறேன் என்றார்கள். கடைசியில் அசோகன் பெயரையும் சொன்னான்.

“வர்றான்” என்றேன் நான்.