கறியில்லாத கோலா

பட்டாளத்திலிருந்து திரும்பிய செல்லச்சாமிக்கு, ஆறுமுகத்தாய் எதைப் போட்டாலும் தொண்டையில் இறங்கவில்லை. இரண்டு கவளம் உருட்டுவான், மூன்றாவதைப் பிசைந்துகொண்டே இருப்பான், பிறகு கையைக் கழுவிவிட்டு ஆட்டுக் கிடைப் பக்கம் போய் நின்றுகொள்வான். பர்மாக் காட்டிலிருந்து உயிரோடு வந்த மனுசன் சொந்த வீட்டில் பட்டினி கிடந்தே போய்விடுவானோ என்று அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

காரணம் தனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தாள். எல்லாம் தன் வாயால் வந்த வினை. யுத்தத்தில் அவன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாமல் போன வருஷம், கோமதியம்மன் சன்னதியில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு, "அவுக உசுரோட வரட்டும் தாயே, என் அடுப்புல இனி கவுச்சி ஏறாது" என்று சொல்லிவிட்டாள். மொட்டை போடுகிறேன் என்று நேர்ந்திருக்கலாம். ஆனால் ஆடு வளர்க்கிற வீட்டில் கறியை விடுவதுதான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது. சின்னதைக் கொடுத்து அவனைக் கேட்க மனசு வரவில்லை. அம்மனும் வஞ்சனையில்லாமல் ஆளைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள்.

வந்தவனிடம் இதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. கறி என்றால் உயிரை விடுகிறவன். அதிலும் அவள் போடும் கோலா உருண்டையை அடுப்படியிலேயே பாதி தீர்த்துவிடுவான். கறி கண்ணில் படாததால்தான் சோறு இறங்கவில்லை, வேறென்ன? 'ஒரு நேரம் வயிறாரத் தின்னட்டும், பொறவு சொல்லிக்கிடலாம்' என்று முடிவுகட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வாழைப்பூவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவளுக்குக் கோலா போடக் கற்றுக்கொடுத்தது அடுத்த வீட்டு மீரா பீவி. கடையநல்லூரிலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். கறியைக் கொத்தி அரைத்து உருட்டி, எண்ணெயில் உடையாமலிருக்க வாழைநாரைச் சுற்றிப் போடுவது அவள் கைப்பக்குவம். கறியே இல்லாமல் போடுவதை அவளும் சொல்லித்தந்ததில்லை. ஆறுமுகத்தாய் தன் யோசனைப்படியே பூவில் வேகாத நரம்பான கள்ளனை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தாள். மோரில் ஊறப்போட்டு, அரை வேக்காடாக அவித்துப் பிழிந்து, அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டினாள். மையாய் அரைத்தால் கறி மாதிரி இருக்காதே! தேங்காய், சின்ன உள்ளி, பூண்டு, வற்றல், பட்டை, கிராம்பு, பெருஞ்சீரகம் என்று கறிக்குச் சேர்க்கும் எதையும் விடவில்லை.

முதல் உருண்டை எண்ணெயில் விழுந்ததும் பொலபொலவென்று பிரிந்து போனது. எண்ணெய் கிடைப்பதே அரிதான காலம். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே பொரிகடலையை இடித்து மாவாக்கிச் சேர்த்துப் பிசைந்து, நாரைச் சுற்றி மறுபடி போட்டாள். இந்தத் தடவை குலையாமல் சிவந்து மிதந்தது.

வாசனை பிடித்துக்கொண்டு மீரா பீவி வந்துவிட்டாள்.

"ஏட்டி ஆறுமுகம், ஒன் நேத்திக்கடன் என்னாச்சு? கறி வாசம் எங்க அடுப்படி வரைக்கும் வருது!"

"தின்னு பாருக்கா."

வாயில் போட்டுக்கொண்டாள். "கறியேதான். எங்கிட்டயே மறைக்கியா?"

"வாழப்பூக்கா."

இன்னொன்றைப் பிட்டு வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் மீரா பீவி நம்பினாள். "அல்லாவே, என்னையே ஏமாத்திட்டியே! ஒன் மாப்பிள்ள எம்மாத்திரம்? சூடு ஆறுமுன்ன போய் வை."

ஆறுமுகத்தாய்க்குக் கால் தரையில் பாவவில்லை. வட்டிலில் சோற்றைப் போட்டு, பக்கத்தில் உருண்டைகளை வைத்தாள்.

செல்லச்சாமி உருண்டைகளையே பார்த்தான். கை கிட்டே போனது, திரும்பிவிட்டது. எழுந்துபோய்க் கையைக் கழுவினான்.

ஆறுமுகத்தாய் பின்னாலேயே ஓடினாள். தின்னாமலேயே கண்டுபிடித்துவிட்டானே!

"ஏமாத்தணும்னு செய்யல" என்று அழுதாள். "இந்த அடுப்புல கறி ஏத்த மாட்டேன்னு ஒங்க உசுருக்காக அம்மன்கிட்ட சொல்லிட்டேன். இது வெறும் வாழப்பூ. ஏசணும்னா ஏசுங்க. சாப்பிடாம மட்டும் எந்திரிச்சுப் போகாதிய."

அவன் ஈரக் கையோடு நின்றான்.

"கறி இல்லையா?"

"இல்ல."

"சத்தியமா?"

"அம்மன் சத்தியமா."

வந்து உட்கார்ந்தான். ஒரு உருண்டையில் நாரைப் பிரித்து, பிட்டு, மோந்து பார்த்து, வாயில் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டு மென்றான். இன்னொன்று எடுத்தான். பிறகு சோற்றைப் பிசைந்தான்.

"ஆட்டுக்காரன்னதும் பட்டாளத்துல என்னயக் கோவேறு கழுத பாக்கப் போட்டுட்டாவ" என்றான், தலையைத் தூக்காமல். "ஒண்ணு எங்கூடவே நின்னுச்சு. மழையில அதுமேல சாஞ்சுக்கிட்டுத்தான் ஒறங்குவேன். ஒரு கட்டத்துல அரிசி வரத்து நின்னுபோச்சு. அத அறுக்கச் சொல்லிட்டாவ. வேற யாரு கூப்பிட்டாலும் வராது. நான் கூப்பிட்டேன், வந்துச்சு."

இன்னொரு கவளத்தை உருட்டினான்.

"எல்லாரும் தின்னாவ. நானும் தின்னேன். அதுல இருந்து கறின்னாலே ஆகல. நீ ஆசயாச் செஞ்சு வச்சிருக்க, எப்படிச் சொல்லுவேன்? கறி கெடக்கட்டும், நீ கிட்ட வந்து சோத்தப் போட்டாலே எனக்கு அது நெனப்புதான்."

"நான் வந்தாலா? நான் என்ன செஞ்சேன்?"

"அதுக்கு ஒன் பேருதான் வச்சிருந்தேன்."

"கழுதைக்கு எம் பேரா?" என்று சண்டைக்குப் போகத்தான் வாயைத் திறந்தாள். பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது.

"அந்தக் காட்டுல வேற யாரு பேர நான் கூப்பிடுவேன்?" என்றான் செல்லச்சாமி.

ஆறுமுகத்தாய் சட்டியில் மிச்சமிருந்த கோலாவையும் வழித்து அவன் வட்டிலில் போட்டுவிட்டு, அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக நாரைப் பிரித்துக் கொடுத்தாள்.